கல்லில் நிற்கும் கடல் மட்டம்: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் பழைய மட்டக்குறிகளைத் தேடுவதற்கான முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணை நிரம்பும் நாளில் நீர்மட்டம் 120 அடியை எட்டியது என்று எல்லா நாளிதழ்களும் எழுதும். அதே நாளில் ஒரு பொறியாளர் 790 அடி என்று குறித்தாலும் அதுவும் சரிதான். முதல் எண் அணையின் சொந்த அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவது. இரண்டாவது கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுவது. அளவுகோலின் பூஜ்யமே கடலுக்கு 670 அடி மேலே இருப்பதால்தான் இந்த வேறுபாடு. கடலே கண்ணில் படாத சேலம் மாவட்டத்துக்குக் கடல் மட்டம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, அதிலிருந்து அடுத்த பாலத்துக்கு என்று மட்டம் பார்த்துப் பார்த்து ஆட்கள் சுமந்து வந்தார்கள் என்பதுதான் விடை. அப்படி வந்த வழியில் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்களைத் தேடிப் பார்த்துப் பதிவு செய்வதே இந்தப் பொழுதுபோக்கு.

பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் இதற்குப் பெயர் 'பெஞ்ச் மார்க்'தான்; வேறு பெயர் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. எழுதுவதற்கு வசதியாக நான் மட்டக்குறி என்கிறேன். அந்த ஆங்கிலப் பெயர் பிறந்த கதை இங்கிலாந்தைச் சேர்ந்தது. அங்கே சுவரில் கிடையாக ஒரு காடியை வெட்டி, அதன் கீழே மூன்று கோடுகளால் ஓர் அம்புக்குறி இடுவார்கள். மட்டக்கோலை, அதாவது உயரம் அளக்கும் கோலை, நிறுத்த வேண்டியபோது அந்தக் காடியில் ஓர் இரும்புக் கோணத்தைச் செருகினால், கோல் உட்கார ஒரு 'பெஞ்சு' கிடைத்துவிடும். ஏறத்தாழ ஐந்து லட்சம் குறிகள் அந்த நாட்டில் வெட்டப்பட்டிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைத் தேடித் திரிபவர்கள் அங்கே நிறையப் பேர். நம் ஊரில் குறிகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. அதனால் தேடும் வேலை கூடுதல். கிடைக்கும்போது மகிழ்ச்சியும் அதற்கேற்பக் கூடுதல்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

இந்தியாவில் நில அளவை பெரிய அளவில் தொடங்கியது 1802 ஏப்ரலில், பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோடு) அளந்தபோது. அவர் தொடங்கிவைத்த பெரு வில்லளவை ஏறக்குறைய 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை சென்றது. சேலம் நகரம் 78 பாகை 9 கலையில் இருப்பதால், அந்தப் பெருங்கோட்டின் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது முக்கோணங்களைக் கொண்டு இடத்தை அறுதியிட்ட அளவை. உயரத்தைத் துல்லியமாக எடுத்துச் செல்லும் மட்ட அளவை 1858-இல்தான் தொடங்கியது. கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயின்ட் ஆகிய ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்து, அவற்றின் சராசரியைப் பூஜ்யமாகக் கொண்டு, 1909-இல் நாடு முழுவதற்குமான மட்ட வலை நிறைவு பெற்றது. இதில் பேப்பூர் நமக்குச் சற்றே உறவு. சென்னையிலிருந்து சேலம் வழியாக 1860-களின் தொடக்கத்தில் போடப்பட்ட ரயில் பாதை போய் நின்ற மேற்குக் கரை ஊர் அதுதான்.

ஆகவே நம் பகுதியில் கண்ணில் படக்கூடியவை முக்கியமாக மூன்று வகை. முதலாவது, இந்திய நில அளவைத் துறை வெட்டிய குறி. கல்லில் 'ஜி.டி.எஸ்.' (பெரு முக்கோண அளவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் 'பி.எம்.' (பெஞ்ச் மார்க்) என்றும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நடுவே ஒரு சிறு சதுரமோ வட்டமோ இருக்கும். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். பெரும்பாலும் உயரம் எழுதப்பட்டிருக்காது. புதிதாக வருபவர்கள் எண்ணைத் தேடி ஏமாறுவது இதனால்தான். இரண்டாவது, பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ரயில்வேயும் தங்கள் வேலைக்காகச் சிறுபாலங்களின் கைப்பிடிச் சுவரிலும் மதகுகளிலும் இட்ட குறி. இதில் பெயின்டில் ஒரு கோடும் அம்பும் மட்ட எண்ணும் இருக்கும். மூன்றாவது மலை உச்சிகளில் இருக்கும் முக்கோண அளவைப் புள்ளி. பாறையிலேயே ஒரு வட்டமும் நடுவில் ஒரு குழியும் வெட்டி, சில இடங்களில் மேலே கல் மேடை கட்டியிருப்பார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது மட்டக்குறி ஆகாது. ஆனாலும் மலையேறிப் போய் அதைப் பார்க்காமல் திரும்புவது யாராலும் ஆகாது.

வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

கண்போன போக்கில் சுவர் சுவராகத் தேடினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்முறையில் சேலம் நகரம் 58 ஐ/2 என்ற தாளிலும் ஏற்காடு 58 ஐ/1 என்ற தாளிலும் வருகின்றன. புதிய பொதுப் பதிப்புகளைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பழைய அச்சுத் தாள் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள், ஏனெனில் சாலை அகலமாவதற்கு முந்தைய நிலைமை அதில்தான் இருக்கிறது.

தாளில் ஒரு சிறு புள்ளி, பக்கத்தில் 'பி.எம்.' என்ற எழுத்துகள், அதையடுத்து ஓர் எண் என்று இருந்தால் அது மட்டக்குறி. முக்கோணமும் எண்ணும் இருந்தால் அளவை நிலையம். வெறும் புள்ளியும் எண்ணும் மட்டும் இருந்தால் அது அந்த இடத்தின் உயரம்தான். அங்கே போனால் கல் எதுவும் இருக்காது. நான் முதல் வருடம் இந்த வேறுபாடு தெரியாமல் ஓமலூர்ப் பக்கம் ஒரு கம்பங்காட்டில் அரை நாள் சுற்றினேன். பழைய தாள்களில் உயரம் அடியில் இருக்கும், அதை 0.3048-ஆல் பெருக்கினால் மீட்டர். 912.4 அடி என்றால் 278.1 மீட்டர்.

புள்ளிகளைப் பென்சிலால் வட்டமிட்டால், அவை ரயில் பாதையையும் பழைய பெருஞ்சாலையையும் ஒட்டி மணி கோத்தது போல் வருவது தெரியும். மட்டம் பார்ப்பவருக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. கோலும் கருவியும் அடிக்கடி மாற வேண்டியிருந்தால் பிழை சேரும் என்பதால், சாய்வு குறைந்த ரயில் பாதையே அவருக்கு ராஜபாட்டை.

அளவையாளரின் கண்ணால் பாருங்கள்

வரைபடப் புள்ளி உங்களைக் கொண்டுபோய் விடுவது ஒரு ஐம்பது, நூறு மீட்டர் சுற்றளவுக்குள்தான். அதற்குப் பிறகு நீங்கள் உங்களிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூறு வருடத்துக்கு முன் இங்கே வந்து நின்ற ஆள், எது அசையாது என்று நம்பியிருப்பார்? மண் இறங்கும், மரம் சாயும், மண் சுவர் கரையும். தாய்ப்பாறை அசையாது. பாறைமேல் கடைக்கால் எடுத்த பாலமும், கருங்கல் அடித்தளம் கொண்ட கோயிலும் தேவாலயமும், பழைய பயணியர் விடுதியின் படிக்கட்டும், ரயில் நிலையத்தின் நடைமேடையும் எளிதில் அசையாது. இந்த வரிசையில்தான் தேட வேண்டும்.

கோலை நிமிர்த்தி நிறுத்த வாகாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டாஃப் எனப்படும் மட்டக்கோல் ஆளை விட உயரமானது. அதனால் குறிக்கு நேர் மேலே கூரையோ வளைவோ தலை நீட்டும் இடத்தை விட்டுவிடுவார்கள். சிறுபாலம் என்றால் கைப்பிடிச் சுவரின் கடைசிக் கல், பெரும்பாலும் அதன் மேல்முகம். கோயில் என்றால் கருவறைப் பக்கம் போகவே வேண்டாம். வெளிமதிலின் அடிக்கல்லும் முன்வாசல் படியும் போதும்.

சேலத்தில் மேம்பாலம் ஏறிய சந்திப்புகளைத் தள்ளிவிடுங்கள். ஐந்து ரோடு போன்ற இடங்களில் பழைய கல் தப்பியிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் போன்ற பழைய பகுதிகளும், திருமணிமுத்தாற்றின் மேல் அகலப்படுத்தாமல் விட்ட பாலங்களும், நாற்கரச் சாலை வந்த பின் ஒதுங்கிப்போன பழைய சாலைத் துண்டுகளும் கவனிக்க வேண்டியவை. ஒதுங்கிய சாலையை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். போக்குவரத்து இல்லாததால் நிம்மதியாகக் குனிந்து தேடலாம், காண்ட்ராக்டரும் அங்கே எதையும் இடித்திருக்க மாட்டார்.

மலையில் கதை வேறு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குப் போகிறோம். வழிநெடுக ஓடைகளைத் தாண்டும் சிறுபாலங்கள்தான் நமக்கு வேண்டியவை. சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட் என்னும் கடினமான கருங்கல் இனம். உளி ஆழமாக இறங்காததால் குறிகள் மேலோட்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை வெட்டிவிட்டால் மழை அதை லேசில் கரைக்காது. எதிரி மழை இல்லை, பாசிதான். சமவெளியில் சுண்ணாம்பும் சுவரொட்டிப் பசையும் மூடியிருப்பதை மலையில் பாசியும் கல்பூவும் மூடியிருக்கும்.

பருவமும் பையில் இருக்க வேண்டியவையும்

பொங்கல் முடிந்து ஏப்ரல் வரை நல்ல காலம். புல் காய்ந்து, உண்ணிச்செடி இலை உதிர்ந்து, சுவரின் அடி கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போவது வீண். பையில் மென்மையான நைலான் தூரிகை ஒன்று, தண்ணீர்ப் பாட்டில், டார்ச், ஐந்து மீட்டர் டேப், பள்ளிக்கூட ஸ்கேல், நோட்டு, பென்சில் ஆகியவை போதும். கம்பித் தூரிகையும் உளியும் ஆசிடும் பக்கத்திலேயே வரக் கூடாது. கம்பித் தூரிகையால் தேய்த்து ஒரு பழைய எழுத்தின் வாலை நானே மழுக்கியிருக்கிறேன். அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எழுத்து மங்கியிருந்தால் கல்லை நனைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் வெறும் கல்லாகத் தெரிந்தது, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுத்தாகும். டார்ச் இல்லையென்றால் மாலை ஐந்து மணி வெயில் அதே வேலையைச் செய்யும்.

குப்பனூர் வழியாக மலையேறும் சாலையில் ஒரு சிறுபாலத்தில் இப்படிக் குந்தியிருந்தபோது ஒரு பெரியவர் வந்து நின்றார். “ஏனுங்க தம்பி, தேளு கீளு கடிச்சிருச்சுங்களா?” என்றார். கல்லைக் காட்டினேன். “இதுங்களா? இது வெள்ளைக்காரங் காலத்துக் கல்லுங்க. எங்கப்பாரு இது மேலதான் அருவா தீட்டுவாரு” என்றார். உற்றுப் பார்த்தால், சதுரத்தின் இடது ஓரத்தை ஒட்டி விரல் நீளத்துக்கு நாலைந்து வழவழப்பான பள்ளங்கள் இருந்தன. எஸ் என்ற எழுத்தின் அடிப்பாதி அந்தத் தீட்டலில் போயிருந்தது, பி.எம். என்ற இரண்டெழுத்தும் நடுச் சதுரமும் முழுசாக இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'அருவாக்கல்'. பெரியவர்களிடம் கேளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஆனால் பெஞ்ச் மார்க் எங்கே என்று கேட்டால் பயன் இல்லை. எழுத்து வெட்டிய கல் ஏதாவது உண்டா என்று கேளுங்கள்.

ஏமாற்றும் கற்கள்

நம் மாவட்டத்தில் எழுத்தோ குறியோ உள்ள கல்லுக்குப் பஞ்சமே இல்லை. கிராம நில அளவையின் எல்லைக்கல், மூன்று ஊர் எல்லை கூடும் முச்சந்திக்கல், வனத்துறையின் எண்ணிட்ட எல்லைக்கல், எஸ்டேட் எல்லைக்கல், ரயில்வே நிலத்தின் எல்லைக்கல், மைல்கல், நடுகல் என்று வரிசையாக வரும். இவை எல்லாம் இடத்தைச் சொல்லும் கற்கள். உயரத்தைச் சொல்பவை அல்ல. பாலத்தூணில் கிடைக்கோடும் ஆண்டும் இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஆண்டு வெள்ளம் ஏறிய மட்டம்.

மிகவும் ஏமாற்றுவது சூலக்கல். சிவன் கோயில் நிலத்துக்கு எல்லை காட்ட நட்ட கல்லில் திரிசூலம் வெட்டியிருப்பார்கள். அளவைத் துறையின் மூன்று கோட்டு அம்பைத் தலைகீழாக நினைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே உருவம். மஞ்சளும் குங்குமமும் வைத்திருக்கும் கல்லில் தூரிகை போடாதீர்கள்; குறியாகவே இருந்தாலும் அது இப்போது சாமி. தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்துக் கல் சுவரில் 'பி.எம்.' என்ற இரண்டெழுத்தும் அம்பும் கண்டு மூன்று வாரம் குதூகலமாக இருந்தவன் நான். நான்காவது வாரம் நண்பர் ஒருவர் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு, அம்பு ஒரு இதயத்துக்குள் நுழைந்து வெளியேறுவதைக் காட்டினார். அந்த பி-யும் எம்-மும் நன்றாக இருக்கட்டும்.

உயரத்தைச் சரிபார்க்கும்போது

கண்டது உண்மையான குறிதானா என்று பார்க்கப் பலரும் உடனே போனை எடுத்து உயரம் பார்ப்பார்கள். இங்கே ஒரு பெரிய வலை இருக்கிறது. ஜி.பி.எஸ். கணக்கிடும் உயரம், பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக் கொண்டு அதன் பரப்பிலிருந்து எண்ணுவது. உண்மையான கடல் பரப்போ ஈர்ப்பு விசைக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான அந்த ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது. அதன் சரிவில் உட்கார்ந்திருப்பதால், சேலத்தில் திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். உயரம் கடல் மட்ட உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவாக வரும். ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்தில் நின்றுகொண்டு 190 என்று காட்டும் ஆண்ட்ராய்டு செயலியைப் பார்த்துக் கல்லைச் சந்தேகிக்காதீர்கள். கடல் மட்டத் திருத்தம் உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். அப்போதும் சில மீட்டர் முன்பின் வரும் என்பதை மனத்தில் வையுங்கள். சந்தேகம் வந்தால் ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு கடல் மட்ட உயரமும் மீட்டரில் எழுதப்பட்டிருக்கும்.

பக்கத்திலேயே உயரம் தெரிந்த இன்னொரு குறி இருந்தால் கொத்தனாரின் டியூப் மட்டமே போதும். கண்ணாடி டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினால் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தெரிந்த குறி 281.40 மீட்டர், அதிலிருந்து நீர் 0.62 மீட்டர் மேலே நிற்கிறது, புதிய கல்லிலிருந்து 1.15 மீட்டர் மேலே நிற்கிறது என்றால், புதிய கல்லின் உயரம் 280.87. நூற்றாண்டுக்கு முன் டம்பி லெவல் என்ற தொலைநோக்கி வைத்த மட்டக் கருவியோடு வந்தவர் செய்ததும் இதே கூட்டல் கழித்தல்தான்.

போகக் கூடாத இடங்கள்

ரயில் பாலத்திலும் தண்டவாளத்திலும் ஏறாதீர்கள். அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நிலையத்தில் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, நிலைய அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். மேட்டூர் அணையில் தடை செய்த பகுதியில் கேமராவை எடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும்; காப்பித் தோட்டம் என்றால் வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடமோ மேஸ்திரியிடமோ கேட்டாலே பெரும்பாலும் விடுவார்கள். மலையில் காட்டெருமை உண்டு. சிறுபாலத்தின் அடியில் கையை விடுவதற்கு முன் குச்சியை விடுங்கள். விரியனும் கதண்டும் அங்கேதான் குடியிருக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்த அளவைக் கல்லையும் பிடுங்குவதும் நகர்த்துவதும் சட்டப்படி குற்றம். இடம் மாறிய மட்டக்குறி பொய் சொல்லும் கல்லாகிவிடும் என்பதால், வீட்டுக்கு எடுத்துவந்தாலும் அதற்கு அம்மிக்கல்லின் மதிப்புகூட இல்லை.

பதிவு

நோட்டில் தேதி, இடத்தின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை ஐந்து தசம இடங்கள் வரை, கல் எந்தக் கட்டுமானத்தில் எந்த முகத்தில் இருக்கிறது, எழுத்துகள் அப்படியே, சதுரத்தின் அளவு, வரைபடத்தில் உள்ள உயரம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். அசையாத இரண்டு பொருள்களிலிருந்து டேப் பிடித்த தூரம் கட்டாயம் வேண்டும். போன் காட்டும் இடம் ஐந்து மீட்டர் தவறினாலும் அந்த இரண்டு தூரங்கள் உங்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிடும். படம் மூன்று போதும்: ஸ்கேல் வைத்து நெருக்கத்தில் ஒன்று, கட்டுமானம் முழுதும் தெரிய ஒன்று, சாலையோடு சேர்த்து ஒன்று. தேடியும் கிடைக்காத குறிகளையும் எழுதுங்கள். எங்கே இல்லை என்பதும் அடுத்தவருக்குத் தகவல்தான்.

சாலையிலிருந்து குறி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற அளவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அதுதான் முக்கியமானது. பழைய தார் மேலேயே புதிய தார் போடும்போது சாலை ஏறும், கைப்பிடிச் சுவர் அப்படியே நிற்கும், ஆகவே குறி கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். அருவாக்கல்லின் மேல்முகம் நான் முதலில் அளந்தபோது தாருக்கு மேல் 41 சென்டிமீட்டர் இருந்தது; போன மாசியில் 29. ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து முந்தைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். இருபது சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால், அடுத்த தார் வேலைக்கு முன்பே படங்களோடும் அளவுகளோடும் நெடுஞ்சாலைத் துறையின் உட்கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புதல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.